பல்லி, ஓணான், அரணை: ஒரே பூங்காவை எப்படிப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்று நீங்களே பதிவு செய்ய ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் எத்தனை வகைப் பல்லியினங்கள் இருக்கின்றன என்று பட்டியல் போடுவது ஒரு மாலைநேர வேலை. அவை அந்த இடத்தைத் தங்களுக்குள் எப்படிப் பிரித்துக்கொள்கின்றன என்று தெரிந்துகொள்ள மூன்று மாதமாவது நடக்க வேண்டும். இந்த வழிகாட்டி இரண்டாவது வேலைக்கு. பல்லியினம் என்று எழுதும்போது ஓணான், அரணை, உடும்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வார இறுதிகளில் புதியவர்களைக் கூட்டிக்கொண்டு நடப்பது என் வழக்கம். முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். ஓணானைக் கண்டதும் படம் எடுக்க நெருங்குகிறார்கள். அது மரத்தில் இரண்டு அடி மேலே ஏறுகிறது. ஏறி நின்ற இடத்தை நோட்டில் எழுதுகிறார்கள். அது ஓணான் விரும்பி உட்கார்ந்த இடமே இல்லை, மனிதனுக்குப் பயந்து ஒதுங்கிய இடம். அப்படி 50 வரி சேர்த்துவிட்டால் பிறகு எந்தக் கணக்கும் அதைக் காப்பாற்றாது. கீழே உள்ள படிகளின் வரிசை பெரும்பாலும் இந்த ஒரு தவற்றைத் தவிர்ப்பதற்காக அமைந்தது.

1. கேள்வியை முதலில் எழுதுங்கள்

விலங்குகள் ஒரு இடத்தைப் பிரித்துக்கொள்ளும் வழிகள் பெரும்பாலும் மூன்று: இருக்கும் இடம், வெளியே வரும் நேரம், தின்னும் இரை. மூன்றையும் ஒரே ஆள் ஒரே சமயத்தில் பார்க்க முடியாது. இரையை விட்டுவிடுங்கள். வயிற்றில் என்ன இருக்கிறது என்று அறிய விலங்கைப் பிடிக்க வேண்டும். அது நம் வேலை இல்லை. கண்முன்னே எறும்பைத் தின்றால் குறித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பது இடமும் நேரமும். நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: 'இந்தப் பாதையில் தோட்ட ஓணானும் பச்சை ஓணானும் எந்த உயரத்தில், எந்த நேரத்தில் உட்காருகின்றன?' இதை எழுதாமல் கிளம்பினால் முதல் நாள் பறவை, இரண்டாம் நாள் குரங்கு, மூன்றாம் நாள் வீட்டில் தூக்கம் என்று போய்விடும்.

2. கிளம்புமுன் தேவைப்படுபவை

விலை உயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பில் ஒவ்வொரு 50 சென்டிமீட்டருக்கும் வண்ண டேப் சுற்றிக்கொள்ளுங்கள். தையல்காரர் வைத்திருக்கும் 150 சென்டிமீட்டர் அளவு நாடா ஒன்று வேண்டும். தொலைநோக்கி, தலையில் மாட்டும் டார்ச், பென்சில், கெட்டி அட்டை நோட்டு. பேனா வேண்டாம், வியர்வையும் மழையும் மையை அழித்துவிடும்.

போனில் நேரடியாகப் பதிவு செய்யலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் போனைக் கையில் எடுத்ததும் விரல் கேமராவுக்குத்தான் போகிறது. நோட்டு முதலில், போன் பிறகு என்ற வரிசைக்காகவே காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது சட்டம். வனவிலங்குகளுக்குத் தீனி போடுவது, பிடிப்பது, பொறி வைப்பது, வீட்டில் வளர்ப்பது எல்லாம் அனுமதியின்றிச் செய்யக்கூடாதவை. தீனி போட்டு முதல்முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. ஓணானை நெருங்கி வரவைக்கப் புழு காட்டுவதும் தீனிதான். பாதையில் நின்று பார்ப்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இயற்கைக் காப்பகத்தில் அதற்கு மேல் ஆய்வாக எதைச் செய்தாலும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி தேவை.

3. யார் யார் என்று கற்றுக்கொள்ளுங்கள்

இதற்கு இரண்டு வார இறுதிகளை ஒதுக்குங்கள். இந்த இரண்டு வாரம் ஒரு வரிகூடப் பதிவு செய்யாதீர்கள். அடையாளம் தெரியாத காலத்தில் எழுதியதையும் தெரிந்த பிறகு எழுதியதையும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க வழியில்லை.

தோட்ட ஓணானைத் தமிழ்நாட்டில் வேலியில் பார்த்திருப்பீர்கள். இங்கும் அதே ஆள்தான். சிங்கப்பூருக்கு வெளியிலிருந்து வந்து 1980களில் பரவியது. பழுப்பு உடம்பு, முதுகில் முள்வரிசை, செவிக்கு மேலே இரண்டு சிறு முட்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் தோளும் செவ்வாரஞ்சாகச் சிவக்கும், தாடைப்பக்கம் கறுக்கும்.

பச்சை ஓணான் இந்த மண்ணுக்குரியது. உடம்பு இளம்பச்சை, செவிப்பறை கருமை, மொத்த நீளத்தில் முக்கால் பங்கு வால். மிரண்டால் பழுப்பாக மாறிவிடும், இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். பழுப்பாக இருக்கிறது, ஆகவே தோட்ட ஓணான் என்று எழுதிவிடுகிறார்கள். நிறத்தை நம்பாதீர்கள். வாலின் நீளத்தையும் செவிக்கு மேல் முள் உண்டா என்பதையும் பாருங்கள். நிறம் மாறுகிறது என்பதற்காக இதைப் பச்சோந்தி என்று எழுதுவோரும் உண்டு. பச்சோந்தி வேறு குடும்பம். சிங்கப்பூர்க் காட்டில் இயல்பாக வாழ்வது கிடையாது.

மூன்றாவது, பழுப்பு அனோல். கியூபா, பஹாமாஸ் பக்கத்து விலங்கு. கரையோரப் பூந்தோட்டங்களில் (Gardens by the Bay) இது இருப்பது 2012-ல் பதிவாகி வெளிவந்தது. சிறிய ஆள், ஆண் தொண்டைக்குக் கீழ் செம்மஞ்சள் நிறத் தோலை விசிறிபோல் விரித்து மூடும். மரத்தின் அடிப்பகுதியில், பெரும்பாலும் தலை கீழே பார்க்க உட்கார்ந்திருக்கும். குட்டி ஓணான் என்று நினைத்துக் கடந்து போகிறார்கள். விரலடியில் அகலமான பட்டை இருந்தால் அனோல். ஓணானுக்கு அது கிடையாது.

பறக்கும் ஓணானைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும். அசைவை எதிர்பார்க்காமல், பட்டை மேலே ஒரு புடைப்பு நகர்கிறதா என்று பாருங்கள். பூங்காக்களில் காண்பது பெரும்பாலும் மஞ்சள் தொண்டைத்தோல் உடைய சுமத்ரா வகை. கறுப்புத் தொண்டைத்தோல் உடையதைப் பார்க்க நிழல் அடர்ந்த காட்டுக்குள் போக வேண்டும். ஐந்து பட்டைக் கோடுகள் உடைய வகையும் காட்டில்தான். நீண்ட விலா எலும்புகள் இறக்கைத் தோலை விரித்துப் பிடிக்க, மரத்துக்கு மரம் சறுக்கிப் போகும். எறும்புதான் முக்கிய உணவு. பெண் முட்டையிட மட்டும் தரைக்கு இறங்கும். தரையில் ஒன்றைப் பார்த்தால் உயரத்தோடு 'பெண், மண் தோண்டுகிறது' என்றும் எழுதுங்கள். எழுதாவிட்டால் அந்த ஒரு வரி உங்கள் சராசரியைக் கீழே இழுத்துவிடும்.

அரணை எல்லாருக்கும் தெரியும். பூச்செடிப் பாத்தியின் விளிம்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்து, காலடி கேட்டதும் சரசரவென்று சருகுக்குள் நுழையும் வெண்கல நிறத்து அரணைதான் இங்கே மிகுதி. முட்டையிடாமல் குட்டி போடும். அரணை கடித்தால் மரணம் என்று பாட்டி சொல்லியிருப்பார். அரணைக்கு விஷமே இல்லை. ஆனாலும் என்னோடு நடந்த ஒருவர் இரண்டு வாரமாக அரணை இருந்த பக்கமே போகாமல், அவருடைய தாளில் அரணை பூஜ்யம் என்று வந்தது. பயமும் தரவைக் கெடுக்கும்.

உடும்பில் இரண்டைப் பிரிக்கத் தெரிந்தால் போதும். மூக்குத்துளை முகத்தின் நுனிக்குப் பக்கத்தில் இருந்தால் நீர் உடும்பு. கண்ணுக்கும் நுனிக்கும் நடுவில் கீறல்போல் இருந்தால் மரமேறும் மேக உடும்பு. இதற்குத் தொலைநோக்கி கட்டாயம்.

வீட்டுப் பல்லிகளை எட்டாம் படியில் பார்ப்போம்.

4. பாதையைத் தேர்ந்தெடுத்தல்

200 மீட்டர் நீளத்தில் இரண்டு பாதைகள் போதும். ஒன்று திறந்த இடம்: அடுக்குமாடிகளுக்கு நடுவிலுள்ள பேட்டைப் பூங்கா, புல்வெளி, ஓரத்தில் மரங்கள். மற்றொன்று காட்டோரம்: புக்கிட் தீமா அல்லது மெக்ரிட்சி பக்கத்துப் பாதைகள் மாதிரி. ஒரே ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் நீங்கள் காண்பது அந்த விலங்கின் குணமா, அந்த இடத்தின் அமைப்பா என்று பிரிக்க முடியாது.

பூமலையிலிருந்தே (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா) தொடங்கலாம் என்று நிறையப் பேர் ஆசைப்படுவார்கள். அழகான இடம்தான், ஆனால் ஞாயிறு காலையில் அங்கே ஓணானைவிட நாய்க்குட்டிகள் அதிகம். ஆள் நடமாட்டம் விலங்குகளை மேலே தள்ளும். ஆள் குறைந்த பாதையே நல்லது; அது உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தால் இன்னும் நல்லது. எம்ஆர்டி ரயில் ஏறி இரண்டு இடம் மாறிப் போகவேண்டிய பாதைக்கு மூன்றாவது வாரம் யாரும் போவதில்லை.

பாதை முடிவானதும் அதிலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுங்கள், மனதில் மட்டும், மரத்தில் எழுதாதீர்கள். நோட்டில் கோடு போட்டு வரைந்தால் போதும். மரத்தின் பெயர் தெரியாவிட்டால் தேசியப் பூங்காக் கழகத்தின் ட்ரீஸ்.எஸ்ஜி வரைபடத்தில் பாருங்கள். 500,000-க்கும் மேற்பட்ட மரங்கள் அதில் உண்டு. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளவு நாடாவால் சுற்றளவு எடுத்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். நாடா எட்டாத பெரிய தூங்குமூஞ்சி மரத்துக்கு ஒரு கயிற்றைச் சுற்றி, கயிற்றை அளந்துகொள்ளுங்கள்.

இந்த மர அளவு வேலை சலிப்பாக இருக்கும். ஏன் செய்யச் சொல்கிறேன் என்பது ஏழாம் படியில் வரும்.

5. நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

சிங்கப்பூரில் வருடம் முழுக்கச் சூரியன் ஏழு மணி வாக்கில் எழுந்து ஏழு மணி வாக்கில் அடையும். இது நமக்குக் கிடைத்த வசதி: மாதம் மாறினாலும் நேர அட்டவணையை மாற்ற வேண்டாம்.

காலை 8.30 முதல் 10 வரை, நண்பகல் 12.30 முதல் 2 வரை, மாலை 4.30 முதல் 6 வரை என மூன்று சுற்று. வெயில் ஏறி உடம்பு சூடாகாத ஏழரை மணிக்கே போய், ஒன்றும் இல்லை என்று திரும்பி வருவது முதல் வாரத்துத் தவறு. நண்பகல் சுற்றை யாரும் விரும்புவதில்லை. ஆனால் வெயில் விரும்பியும் நிழல் விரும்பியும் பிரிவது அந்த நேரத்தில்தான் நன்றாகத் தெரியும். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போங்கள்.

எல்லாச் சுற்றையும் ஒரே நாளில் நடக்க வேண்டியதில்லை. ஆனால் மாதக் கடைசியில் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் சுற்றுகள் இருக்க வேண்டும். காலையில் பத்து முறையும் மாலையில் இரண்டு முறையும் நடந்துவிட்டு, ஓணான் காலை விலங்கு என்று எழுதினால் அது உங்கள் வேலை நேரத்தைப் பற்றிய கண்டுபிடிப்பு.

மழை பெய்தால் நிறுத்துங்கள். மழை விட்டு வெயில் அடித்தால் தொடரலாம், 'மழைக்குப் பின்' என்று குறித்துக்கொண்டு.

6. நடையும் பதிவும்

மெதுவாக நடங்கள். 200 மீட்டருக்கு 40 நிமிடம். இதைவிட வேகமாகப் போனால் தரையில் ஓடும் அரணை மட்டுமே கண்ணில் படும்.

ஒவ்வொரு மரத்துக்கும் ஐந்தாறு மீட்டர் முன்பே நின்று, அடி, தண்டு, கிளை பிரியும் கவை, உச்சி என்று இந்த வரிசையில் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம். மனிதக் கண் தன் உயரத்தில் இருப்பதையே தேடும். கடிகாரம் வைத்துப் பார்க்கச் சொல்லாவிட்டால் எல்லா ஓணானும் ஒன்றரை மீட்டர் உயரத்தில் வசிப்பதாகத்தான் தாளில் வரும்.

கண்டதும் உறைந்து நில்லுங்கள். படம் வேண்டாம், விரல் நீட்ட வேண்டாம், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடவும் வேண்டாம். அது இருக்கும் இடத்தில் மரத்தின் ஒரு அடையாளத்தை மனதில் பிடியுங்கள்: ஒரு முடிச்சு, பாசித்திட்டு, பறவைக்கூடு பெரணியின் ஓரம். பிறகு எழுதுங்கள். எழுதி முடித்த பிறகே கிட்டே போய் அந்த அடையாளத்தின் உயரத்தைக் கம்பால் அளங்கள். ஓணான் எங்கே ஓடினாலும் முடிச்சு ஓடாது.

கம்புக்கு எட்டாத உயரத்துக்கு, கம்பை மரத்தின் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் வந்து, எத்தனை கம்பு உயரம் என்று எண்ணுங்கள். வெறும் கண்ணால் சொன்னால் மூன்று மீட்டரை ஐந்து என்பார்கள்.

ஒவ்வொரு பார்வைக்கும் ஒரு வரி. அதில் நேரம், இனம், மர எண், உயரம், எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, வெயிலா நிழலா புள்ளி வெயிலா, என்ன செய்துகொண்டிருக்கிறது. 'எதன் மேல்' என்பதற்குத் தண்டு, கிளை, சுள்ளி, இலை, தரை, சுவர், கம்பி வேலி என்று ஏழு சொற்களை முன்பே முடிவுசெய்து அதையே எழுதுங்கள். ஒருநாள் கொம்பு, ஒருநாள் கிளை என்று எழுதினால் பிறகு இரண்டும் ஒன்றா என்று உங்களுக்கே தெரியாது. குஞ்சுகளுக்குத் தனிக் குறி போடுங்கள்; குட்டி ஓணான் பெரியது இருக்கும் இடத்தில் இருக்காது, இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்தால் இரண்டுமே தெளிவில்லாமல் போகும்.

நகர்ந்தபின் அது போன இடத்தையும் எழுதலாம். ஆனால் தனிக் கட்டத்தில், 'ஓடியது' என்ற தலைப்பில். அந்தக் கட்டத்தை உயரக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் குழுவோடு நடந்தபோது இந்தக் கட்டம் எங்கள் தாளில் இல்லை. ஆறு வார வேலையைத் தூக்கி எறிந்தோம்.

இன்னொன்று: ஒரே ஆளைப் பத்துமுறை எண்ணும் தவறு. ஆண் ஓணானுக்குத் தன் எல்லை உண்டு. 7-ஆம் எண் மரத்தில் ஒவ்வொரு வாரமும் தலையை ஆட்டிக்கொண்டிருப்பது அனேகமாக ஒரே ஆள்தான். அதே மரத்தில் அதே இனத்தின் பெரிய ஆணை மறுபடி பார்த்தால் வரியை எழுதுங்கள், பக்கத்தில் 'பழையவர்' என்று போடுங்கள். கணக்கிடும்போது அவருக்கு ஒரே ஓட்டு.

7. யாரும் இல்லாத இடத்தையும் எழுதுங்கள்

பலரும் தாண்டிப்போகும் படி இது. உங்கள் பதிவில் பத்தில் எட்டு ஓணான்கள் தடித்த மரத்தில் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். ஓணானுக்குத் தடித்த மரம் பிடிக்கும் என்று சொல்லிவிடலாமா? அந்தப் பாதையிலுள்ள மரங்களில் பத்தில் எட்டு தடித்தவையாக இருந்தால் ஓணான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை; கிடைத்ததில் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் நான்காம் படியில் காலி மரங்களையும் அளக்கச் சொன்னேன். இருப்பதில் எவ்வளவு, உட்கார்ந்ததில் எவ்வளவு என்ற இரண்டு எண்களும் வித்தியாசப்பட்டால்தான் அதை விருப்பம் என்று சொல்ல முடியும்.

வெயில் நிழலுக்கும் இதே விதி. ஒவ்வொரு சுற்றிலும் 20 மீட்டருக்கு ஒருமுறை நின்று, அந்த இடம் வெயிலா நிழலா என்று ஒரு குறி போட்டுவிடுங்கள். ஒரு விலங்கும் தென்படாத சுற்றையும் தேதி போட்டு, பூஜ்யம் என்று எழுதி வையுங்கள். வெறும் சுற்றை எழுதாமல் விடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. சங்கடப்பட்டு விடுகிறார்கள் போலிருக்கிறது.

8. இரவுச் சுற்று

இயற்கைக் காப்பகங்கள் மாலை 7 முதல் காலை 7 வரை மூடியிருக்கும். அங்கே போகாதீர்கள். இரவு வேலைக்குப் பேட்டைப் பூங்காவும் உங்கள் புளோக்கின் தாழ்வாரமும் போதும்.

பூங்காவில் தேடவேண்டியது தூங்கும் ஓணான்கள். இரவில் மெல்லிய சுள்ளி நுனியிலோ இலைமேலோ படுத்திருக்கும்; டார்ச் வெளிச்சத்தில் வெளிறித் தெரியும். பகலில் உச்சியில் மறைந்து ஏமாற்றும் பச்சை ஓணானை இரவில் எளிதாக எண்ணலாம். ஆனால் தூங்கும் உயரம் வேறு, பகலில் உலவும் உயரம் வேறு. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரவுக்குத் தனி நோட்டே வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தை முகத்தில் அடிக்காதீர்கள், காலடியையும் பாருங்கள். பாம்புக்கும் அது வேலை நேரம்.

தாழ்வாரத்தில் பல்லிகள். வாலின் பக்கங்களில் சிறு முட்கள் வரிசையாக இருந்தால் முள்வால் பல்லி. உரக்க உச்சுக்கொட்டுவது பெரும்பாலும் இதுதான். வால் தட்டையாக, ஓரத்தில் தோல் மடிப்போடு இருந்தால் தட்டைவால் பல்லி. இளஞ்சிவப்பாக, பிடித்தாலே தோல் உரிந்துவிடும் மென்மையோடு இருப்பது நாலுநகப் பல்லி. இதற்காகப் பிடித்துப் பார்க்காதீர்கள். அழும் பல்லி என்று பெயர்பெற்ற சிறிய வகையில் பெண்கள் ஆண் இல்லாமலே முட்டையிட்டுப் பெருகும்.

இங்கே உயரத்தைவிட விளக்கிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் முக்கியம். பூச்சிகள் விளக்கருகில் கூடும், பல்லிக்கு நல்ல இடமும் அதுவே. விளக்கிலிருந்து ஒரு மீட்டருக்குள், ஒன்று முதல் மூன்று மீட்டர், அதற்கும் அப்பால் என்று மூன்று வட்டமாக மனதில் போட்டுக்கொண்டு, எந்த இனம் எந்த வட்டத்தில் என்று எழுதுங்கள். எது வந்தால் எது விலகுகிறது என்பதையும் குறியுங்கள். பகல் மரத்தில் கிடைக்காத இந்தக் காட்சி தாழ்வாரத்தில் சுலபமாகக் கிடைக்கும்.

அண்டை வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். டார்ச்சோடு சுவரை வெறித்துக்கொண்டிருந்த என்னிடம் எதிர்வீட்டு ஆன்ட்டி, "என்ன தம்பி, ஒயரிங் வேலையா?" என்றார். பல்லி எண்ணுகிறேன் என்றதும், "எங்க வீட்ல நாலு இருக்கு, எண்ணிட்டு அப்படியே கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். இப்போது எந்த விளக்கடியில் எது இருக்கிறது என்பதை எனக்கு முன்னால் அவரே சொல்லிவிடுகிறார்.

9. கணக்கு

மூன்று மாதத்தில் ஒவ்வொரு இனத்துக்கும் 20 வரிகளாவது சேர்ந்திருந்தால் கணக்கிடலாம். அதற்குக் குறைவாக இருந்தால் இன்னும் நடங்கள்.

உயரத்தை மூன்று பிரிவாக வையுங்கள்: தரை, இரண்டு மீட்டர் வரை, அதற்கு மேல். ஒவ்வொரு இனமும் ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை விழுக்காடு என்று எழுதுங்கள். விளக்கத்துக்கு ஒரு கற்பனைக் கணக்கு: தோட்ட ஓணான் முறையே 25, 50, 25. பச்சை ஓணான் 0, 20, 80. ஒவ்வொரு பிரிவிலும் இரண்டில் சிறிய எண்ணை எடுத்துக் கூட்டுங்கள்: 0, 20, 25. மொத்தம் 45. இரண்டும் உயரத்தில் 45 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்று பொருள். 100 என்றால் முழுக்க ஒரே இடம், 0 என்றால் முற்றிலும் வேறு.

வெயில் நிழலுக்கு இதேபோல் ஒரு எண், நேரத்துக்கு ஒன்று. மூன்றையும் பெருக்கி ஒரே எண்ணாக்கும் ஆசை வரும். செய்யாதீர்கள். காலையில் கீழேயும் நண்பகலில் மேலேயும் இருக்கும் விலங்குக்கு உயரமும் நேரமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பெருக்கல் அதை மறைத்துவிடும். அதற்குப் பதில் ஒவ்வொரு நேரச் சுற்றுக்கும் தனித்தனியாக உயரக் கணக்கைப் போடுங்கள்.

10. 'விரட்டிவிட்டது' என்று எழுதுமுன்

தாளில் தோட்ட ஓணான் கீழே, பச்சை ஓணான் மேலே என்று வந்ததும் கை பரபரக்கும். வந்தேறி ஓணான் உள்ளூர் ஓணானை விரட்டிவிட்டது என்று எழுத வேண்டும்போல் இருக்கும். தோட்ட ஓணான் வந்தபின் பச்சை ஓணான் காட்டுப்பக்கம் ஒதுங்கியது என்று பரவலாகச் சொல்லப்படுவதும் உண்மை. ஆனால் உங்கள் தாள் அதை நிரூபிக்கவில்லை. வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதையாகிவிடும்.

இரண்டு இனங்கள் வேறு வேறு இடத்தில் இருப்பதற்குச் சண்டை ஒரு காரணம். ஒன்றுக்கு வெயில் வேண்டும், மற்றதற்கு இலை அடர்ந்த மரம் வேண்டும் என்பது இன்னொரு காரணம். காட்டை வெட்டிப் புல்வெளி ஆக்கினால் பச்சை ஓணான் தானாகவே குறையும், தோட்ட ஓணான் தானாகவே பெருகும். ஒன்றையொன்று பார்க்கவே வேண்டியதில்லை. இங்கே இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததால் பிரிப்பது கடினம்.

வெளிநாட்டில் இதை எப்படிப் பிரித்தார்கள் என்று பார்த்தால் என்ன வேண்டும் என்பது புரியும். அமெரிக்காவின் புளோரிடாவில் 1995-ல் சில சிறு தீவுகளில் பழுப்பு அனோல்களைக் கொண்டுபோய் விட்டார்கள். சில தீவுகளை அப்படியே விட்டுவைத்தார்கள். அனோல் விட்ட தீவுகளில் அங்கிருந்த பச்சை அனோல்கள் சில மாதங்களில் உயரமான கிளைகளுக்கு ஏறின. சுமார் 15 வருடத்துக்குப் பிறகு அளந்தபோது அவற்றின் விரல் பட்டைகளும் பெரிதாகியிருந்தன. ஹவாயில் முள்வால் பல்லியையும் அழும் பல்லியையும் பழைய விமானக் கொட்டகைகளில் சேர்த்துவைத்துப் பார்த்தார்கள். விளக்கடியில் கூடும் பூச்சியை முள்வால் முந்திக்கொண்டு தின்றது. சுவரில் தடுப்புகள் வைத்துப் பூச்சிகள் ஒரே இடத்தில் குவியாமல் செய்தபோது அந்த ஆதிக்கம் தளர்ந்தது. ஒன்று இருக்கும் இடம், இல்லாத இடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் அவர்களால் காரணம் சொல்ல முடிந்தது.

நாம் எதையும் எங்கும் கொண்டுபோய் விடக்கூடாது. சட்டப்படியும் தவறு, அனோல் கதையே அதற்குச் சாட்சி. ஆனால் ஒப்பிடலாம். பச்சை ஓணான் மட்டும் உள்ள பாதை ஒன்று, இரண்டும் உள்ள பாதை ஒன்று, மரங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்படி தேடுங்கள். தனியாக இருக்கும் இடத்தில் பச்சை ஓணான் தாழ்வாகவும், இரண்டும் உள்ள இடத்தில் உயரமாகவும் உட்கார்ந்தால் அது ஒரு துப்பு. இரண்டு இடத்திலும் ஒரே உயரம் என்றால் விரட்டல் கதையை மூட்டை கட்டிவையுங்கள்.

கடைசியில் முடிவை எழுதும்போது பாதை, நேரம், எண்ணிக்கை மூன்றும் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கட்டும். இப்படி: 'இந்த 200 மீட்டர் பாதையில், மார்ச் முதல் மே வரை, காலைச் சுற்று 12-ல், பச்சை ஓணான்களை இரண்டு மீட்டருக்கு மேலேயே அதிகம் பார்த்தோம், தோட்ட ஓணான்களை அதற்குக் கீழே. பாதையில் இரண்டு உயரத்திலும் உட்காரத் தகுந்த மரங்கள் இருந்தன. காரணம் தெரியவில்லை.'